துவைக்காத சட்டை

மனைவி: ...இன்னிக்காவது அந்தச் சட்டையைத் துவைக்கக் குடுங்க. டாக்டர் வர்ற நாளும் அதுவுமா...

கணவர்: ஆணியிலயே தொங்கட்டும். எந்த டாக்டர்? எனக்கா, காளைக்கா?

மனைவி: காளைக்கு. உங்க கால் கட்டைப் பிரிக்க இன்னும் பத்து நாள் ஆகுமே.

கணவர்: அப்போ இன்னிக்கு அவன் நடந்து காட்டணும்.

மனைவி: தலைக்கயிறு போட்டு, கொட்டகையிலேர்ந்து தண்ணித் தொட்டி வரைக்கும். முரண்டு புடிச்சா சந்தைக்கு அனுப்பிடணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டார். ஆளையே ஒடைச்ச மாடாம்.

கணவர்: அவன் மேல என்ன தப்பு? கயித்தைக் கையில சுத்திக்கிட்டது நான். அவன் ஓடினான், நானும் கூடவே போனேன்... படுத்துக்கிட்டே.

மனைவி: சிரிப்பு வேற.

கணவர்: கவலையை விடு. இந்த ஜன்னல்லேர்ந்தே பழக்கிட்டேன். ஒரு கனைப்பு கனைச்சா, கயித்துக்குள்ள தலையை அவனே விட்டுக்குவான். ரெண்டாவது கனைப்புக்கு முடிச்சையும்...

மனைவி: அவனே போட்டுக்குவானாக்கும்.

கணவர்: ஒரே இழுப்புல அவுர்ற முடிச்சு.

மனைவி: நேத்துச் சாப்பிடும்போது ஒரு காளைக் கதை அளந்தீங்களே, முதுகைக் காட்டினவனை மேகத்துல மாட்டி வச்சுதுன்னு... அந்தக் காளைக்கு இவன் தம்பியா?

கணவர்: சித்தப்பா பையன். அது கெடக்கட்டும், இன்னிக்குக் கயித்தை யாரு புடிக்கிறது? நீ மாடு தும்மினாலே அடுக்களைக்கு ஓடுவ.

மனைவி: ஆமா... பயந்தான்.

கணவர்: பேசாம அனுப்பிடலாமா?

மனைவி: அனுப்புறதாவது! முன்னால போய் நிக்காம, தோள் பக்கமா நின்னா எவ்வளவு சாது தெரியுமா? ஒரு அடி வந்ததும் கயித்தைத் தளர்த்திட்டா, அடுத்த அடி தானா...

கணவர்: தானா வருவானா? இது யார் சொன்னது?

மனைவி: என்ன அப்படிப் பார்க்குறீங்க? பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்.

கணவர்: அவர் வாத்துல்ல வளர்க்கிறார்.

மனைவி: ...ஜீப் சத்தம் கேக்குது.

கணவர்: கேக்குது.

மனைவி: சரி, திட்டக் கூடாது. இருபத்தாறு நாளா, நீங்க முழிக்கிறதுக்கு முன்னாடி, அவனை நான்தான் நடத்துறேன். உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு. அந்த வாசனை இருந்தாத்தான் கயித்துக்குத் தலை குடுக்கிறான். துவைக்கன்னு கேட்டதும் அதை வாங்கத்தான்.

கணவர்: முதுகைக் காட்டினியா?

மனைவி: இல்ல. ஒதுங்க வழி எந்தப் பக்கம்னு பார்த்துட்டுத்தான் உள்ளயே போவேன்.

கணவர்: கயித்தைக் கையில சுத்தினியா?

மனைவி: மொத நாள் மட்டும்... தெரியாம.

கணவர்: அதைத்தான் ஜன்னல்ல பார்த்தேன். கத்தினா அவன் மிரளுவான், வேண்டாம்னா நீ கேக்க மாட்ட. அன்னிக்கு மத்தியானத்துலேர்ந்துதானே அப்படியாவது உனக்கு உறைக்கட்டும்னு சாப்பாட்டுத் தட்டு முன்னால காளைக் கதை அளக்க ஆரம்பிச்சேன்... போ, அந்தச் சட்டையை மாட்டிக்க. துவைக்காம வச்சிருக்கிறது பின்ன யாருக்கு?