அடி தேயாத ஷூ

மனைவி: ...அது வேணாம். கீழ வைங்க அதை.

மீட்டர்காரர்: ஏன், இதுக்கு என்ன குறைச்சல்? எழுநூறுதான் போட்டிருக்கு.

மனைவி: அதான் குறைச்சல்.

கடைப்பெண்: ஐயா, நடக்கறதுக்குன்னா இந்த வரிசையைப் பாருங்க. இது மூவாயிரத்து இருநூறு. கையில எடுத்துப் பாருங்களேன், பூ மாதிரி இருக்கும்.

மீட்டர்காரர்: பூ மாதிரி இருக்கறதுக்கா இந்த விலை? கொஞ்சம் கனமா இருந்தாலாவது குடுத்த காசு கையில தெரியும்.

மனைவி: நீ தப்பா எடுத்துக்காதம்மா. முப்பது வருஷம் வீடு வீடா ஏறி இறங்கி கரண்ட் மீட்டர் பாத்தவரு. வருஷத்துக்கு ஒரு ஜோடி ஆபீஸ்லயே சும்மா குடுத்துடுவாங்க. ஷூவுக்குக் காசு குடுக்கணுங்கறதே ரிட்டயர் ஆனப்புறம்தான் இவருக்குத் தெரியும்.

மீட்டர்காரர்: மானத்தை வாங்காத.

மனைவி: இந்தக் கடையில அது ஒண்ணுதான் விலையில்லாம வாங்க முடியுது.

கடைப்பெண்: ஐயா என்ன சைஸ்?

மீட்டர்காரர்: எட்டு.

மனைவி: ஒன்பது.

மீட்டர்காரர்: எட்டும்மா! கல்யாணத்துக்கு எட்டுதான் எடுத்தாங்க.

மனைவி: கல்யாணத்துக்கு இடுப்பு இருபத்தெட்டு. அதையும் சொல்லுங்க.

கடைப்பெண்: அளந்தே பாத்துடலாம். எழுந்து நில்லுங்க ஐயா, உக்காந்து அளந்தா சரியா வராது... எட்டரை. பாதம் கொஞ்சம் அகலம்.

மீட்டர்காரர்: எழுநூறுல எட்டரை இருக்கா?

மனைவி: ஏங்க!

மீட்டர்காரர்: இரு, கணக்கு சொல்றேன், கேளு. மூவாயிரத்து இருநூறுக்கு எழுநூறு ஷூ நாலு வாங்கலாம். மிச்சத்துல சாக்ஸும் வாங்கலாம். ஜோடிக்கு ரெண்டு வருஷம்னா, எட்டு வருஷத்துக்குக் கவலையே...

மனைவி: ஷூ நாலு ஜோடி வாங்கிடலாம். முட்டி நாலு ஜோடி எங்க போய் வாங்கறது?

மீட்டர்காரர்: முட்டிக்கும் ஷூவுக்கும் என்ன சம்பந்தம்?

கடைப்பெண்: இருக்குங்க ஐயா. இதுல உள்ள மெத்தை தடியா இருக்கு. குதிகால் அதிராது. அதுல வெறும் அட்டைதான்.

மனைவி: கேட்டுக்குங்க. ரெண்டு வருஷமா தினமும் காலையில நடக்கறாரும்மா. சர்க்கரை மட்டும் இறங்கவே மாட்டேங்குது. போன வாரம் டாக்டர் பாதத்துல குத்திக் குத்திப் பாத்தாரு... உணர்ச்சி இருக்கான்னு. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா ஊசிதான்னுட்டாரு.

மீட்டர்காரர்: அதெல்லாம் எதுக்குக் கடையில... இந்தா, இதைப் பாரும்மா. இப்பப் போட்டிருக்கறது. இதுவும் எழுநூறுதான். ரெண்டு வருஷம் ஆச்சு. அடியைத் திருப்பிப் பாரு.

மனைவி: முன்னாடி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதே, அதையும் பாக்கச் சொல்லுங்க.

மீட்டர்காரர்: அது பசை விட்டுப்போச்சு. அடியைப் பாருங்கறேன். தேஞ்சிருக்கா?

கடைப்பெண்: தேயல ஐயா.

மீட்டர்காரர்: கேட்டியா! அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க.

கடைப்பெண்: தினமும் எவ்வளவு நேரம் நடப்பீங்க?

மீட்டர்காரர்: ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மழைன்னாக்கூட குடை புடிச்சுக்கிட்டுப் போயிடுவேன்.

கடைப்பெண்: ஓ...

மனைவி: என்னம்மா?

கடைப்பெண்: ஒண்ணுமில்லீங்க.

மனைவி: பரவால்ல, சொல்லு.

கடைப்பெண்: இல்ல... இந்த ரகம் தினம் ஒரு மணி நேரம் நடந்தா ஆறே மாசத்துல அடி மொழுமொழுன்னு ஆயிடும். இதுல கோடெல்லாம் அப்படியே இருக்கு. சைஸ் நம்பர்கூட அழியல.

மீட்டர்காரர்: நான் அலுங்காம நடப்பேன்.

கடைப்பெண்: குதிகால் ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு. காலை நீட்டி உக்காந்துக்கிட்டு...

மீட்டர்காரர்: ஏம்மா, நீ ஷூ விக்கறியா, ரேகை பாக்கறியா?

கடைப்பெண்: மன்னிச்சுக்குங்க ஐயா. எட்டரையில அகலமானது மாடியில இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்.

மனைவி: மெதுவா வாம்மா. அவசரமில்ல.

மீட்டர்காரர்: ஃபேன் போட்டா நல்லா இருக்கும்.

மனைவி: போட்டுத்தான் இருக்கு.

மீட்டர்காரர்: அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்?

மனைவி: நடக்கப் போறவரு எதுக்கு தினமும் சட்டைப் பையில சில்லறை எடுத்துட்டுப் போறீங்க?

மீட்டர்காரர்: டீ குடிக்க.

மனைவி: டீக்கா?

மீட்டர்காரர்: ...பஸ்ஸுக்கு.

மனைவி: ம்.

மீட்டர்காரர்: ரெண்டே ஸ்டாப்புதான்.

மனைவி: ரெண்டு ஸ்டாப் தள்ளி என்ன இருக்கு?

மீட்டர்காரர்: எல்லாம்தான் இருக்கு. பேங்க் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு...

மனைவி: காலையில ஆறு மணிக்கு பேங்க் தொறக்குமா?

மீட்டர்காரர்: தொறக்காது.

மனைவி: எது தொறக்கும்?

மீட்டர்காரர்: ...பிரெட் கடை.

மனைவி: யாரோட பிரெட் கடை?

மீட்டர்காரர்: உனக்குத் தெரியாதா? என் வாயால வரணுமா?

மனைவி: ரெண்டு வருஷமா அவன் பேச்சையே எடுக்கக்கூடாதுன்னு சொன்ன வாய் அது. அதான் கேக்கறேன்.

மீட்டர்காரர்: நம்ம புள்ளையோட கடை. போதுமா?

மனைவி: போதும்.

மீட்டர்காரர்: நான் ஒண்ணும் உள்ள போனதில்ல. எதிர்ப்பக்கத்தோட சரி. அவன் ஷட்டரைத் தூக்கறதைப் பாத்துட்டு வந்துடுவேன்.

மனைவி: ஷட்டர் தூக்க ஒரு மணி நேரமா?

மீட்டர்காரர்: ஆள் வருதான்னு பாக்க வேணாமா? யார் யார் கையில கால்ல விழுந்து அந்த ஆபீஸ் வேலையை வாங்கிக் குடுத்தேன்! தூக்கிப் போட்டுட்டு மாவு பிசையப் போனான். ரெண்டே மாசத்துல கடையை இழுத்து மூடிட்டு வருவான்னு நெனச்சேன்.

மனைவி: அதைப் பாக்கவா போனீங்க?

மீட்டர்காரர்: மொதல்ல ஒரு மாசம்... அதைப் பாக்கத்தான் போனேன்.

மனைவி: அப்புறம்?

மீட்டர்காரர்: அப்புறம் வியாபாரம் இல்லாத அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. இப்பப் பரவால்ல. ஏழு மணிக்கெல்லாம் வாசல்ல எட்டுப் பத்துப் பேரு நிக்கறாங்க.

மனைவி: பதினோராவது ஆளா நீங்களும் போய் நிக்கலாமில்ல?

மீட்டர்காரர்: நின்னு?

மனைவி: ஒரு பிரெட் குடுன்னு கேக்கறது.

மீட்டர்காரர்: காசு வேணாம்னு சொல்லிட்டான்னா?

மனைவி: சும்மா வாங்கிட்டு வாங்க. உங்களுக்குத்தான் பிடிக்குமே.

மீட்டர்காரர்: காசை வாங்கிக்கிட்டான்னா?

மனைவி: ரெண்டுல எதுக்குத்தாங்க பயப்படறீங்க?

மீட்டர்காரர்: ரெண்டுக்கும்தான்.

கடைப்பெண்: கிடைச்சிடுச்சும்மா! கடைசி ஜோடி. போட்டுப் பாருங்க ஐயா... நாடாவை நான் கட்டறேன்.

மீட்டர்காரர்: வேணாம்மா, நானே கட்டிக்கறேன். ...ம்.

மனைவி: எப்படி இருக்கு?

மீட்டர்காரர்: கால்ல ஒண்ணும் போடாத மாதிரி இருக்கு.

மனைவி: அது நல்லதா, கெட்டதா?

கடைப்பெண்: அந்தக் கண்ணாடி வரைக்கும் நடந்துட்டு வாங்க ஐயா. விரல் இடிக்குதா?

மீட்டர்காரர்: இல்ல. ...முட்டி சத்தம் போடல.

கடைப்பெண்: ஐயா, ஒண்ணு சொல்லட்டுமா? நடக்கலேன்னா எழுநூறே போதும். நடக்கறதா இருந்தா மட்டும் இதை எடுங்க.

மீட்டர்காரர்: விக்கற ஆளு பேசற பேச்சா இது? முதலாளி காதுல விழப்போகுது.

கடைப்பெண்: இவ்வளவு விலை குடுத்து வாங்கிட்டுப் போய் சும்மா வெச்சிருந்தா எனக்கே மனசு கேக்காதுங்க.

மீட்டர்காரர்: ரெண்டு ஸ்டாப் தூரம். தினமும் போக, வர. எத்தனை நாள் உழைக்கும்?

கடைப்பெண்: ரெண்டு வருஷம் தாராளமா வரும். ஒட்டினது மட்டுமில்ல, அடியில தையலும் போட்டிருக்கு.

மீட்டர்காரர்: தேயுமா?

கடைப்பெண்: தேயத்தான் செய்யும் ஐயா. நடந்தா எதுவும் தேயும்.

மீட்டர்காரர்: அப்ப இதையே போடு. விலையில ஏதாவது...

கடைப்பெண்: விலையில கைவைக்க முடியாதுங்க. ஒரு ஜோடி சாக்ஸ் வெச்சுத் தர்றேன்.

மீட்டர்காரர்: ரெண்டா வெச்சுடு.

கடைப்பெண்: முதலாளிகிட்டக் கேட்டுட்டு, பில்லையும் போட்டுக் கொண்டு வர்றேன். பழசைக் கட்டிக் குடுக்கவா?

மனைவி: அதை இங்கயே விட்டுடறோம்மா.

மீட்டர்காரர்: ...என்ன சிரிக்கற?

மனைவி: ஒண்ணுமில்ல. நாளைக்குச் சில்லறை எடுத்து வைக்கணுமா?

மீட்டர்காரர்: வேணாம். நடந்தே போறேன். ஆனா போனதும் பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காருவேன். அதுக்கு ஒண்ணும் சொல்லக்கூடாது.

மனைவி: எந்த பெஞ்சு?

மீட்டர்காரர்: கடைக்கு எதிர்ல, மரத்தடியில. மொதல்ல கிடையாது. விளக்குக் கம்பத்தைப் புடிச்சுக்கிட்டேதான் நிப்பேன். நகராட்சிக்காரன் என்ன நெனச்சானோ, ஒருநாள் பாத்தா பெஞ்சு கிடக்கு. நல்ல பலகை. சாய்ஞ்சுக்கலாம்.

மனைவி: சாயங்காலத்துல அந்த பெஞ்சைப் பாத்திருக்கீங்களா?

மீட்டர்காரர்: சாயங்காலம் அங்க எனக்கென்ன வேலை?

மனைவி: எனக்கு வேலை இருக்கு. வாரத்துக்கு ரெண்டு நாள்.

மீட்டர்காரர்: நீயா? வாரத்துக்கு ரெண்டு நாள் தையல் கிளாஸுக்குத்தானே...

மனைவி: ரெண்டு வருஷமாப் போறேனே. ஒரு கைக்குட்டையாவது தைச்சு நீங்க பாத்தீங்களா?

மீட்டர்காரர்: ...அடிப்பாவி.

மனைவி: ம்.

மீட்டர்காரர்: சரி... சாயங்காலம் அந்த பெஞ்சுக்கு என்ன?

மனைவி: அங்க இருக்காது. கடைக்குள்ள சுவரோரமா நிக்கும். நகராட்சி போட்டதில்லங்க அது. அப்பா எவ்வளவு நேரம்தான் கம்பத்தைப் புடிச்சுக்கிட்டு நிப்பாருன்னு அவன் தச்சர்கிட்டச் சொல்லிச் செஞ்சது. நீங்க வர்றதுக்கு முன்னாடி தினமும் பின்வாசல் வழியா எடுத்து, ரோட்டைத் தாண்டித் தூக்கிட்டு வந்து போடறான்... நீங்க பஸ் ஏறினதும் வந்து எடுத்துட்டுப் போறான்.