குறை பேசாத சபை

உங்கள் அறையின் மின்விசிறி கொஞ்சம் சத்தம் போடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்லும் பழக்கத்தை நான் விட்டு வெகுநாளாகிறது.

நான் போதகராகப் பொறுப்பேற்றபோது அந்தச் சபையில் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்பிருந்தவர் பிரசங்கத்திலேயே பெயர் சொல்லித் திட்டுவார். ஒலிபெருக்கியை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் முகம் கொடுத்துப் பேசாத குடும்பங்கள் இருந்தன. நான் ஒரே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். கூட்டத்தில் யாரும் குறையைக் குறையாகச் சொல்லக் கூடாது. தரிசனமாகச் சொல்ல வேண்டும். கூரை ஒழுகினால், ‘ஒழுகாத கூரையைக் காண்கிறேன்’ என்று எழுந்து சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆமென் சொல்வோம்.

முதலில் சிரித்தார்கள்.

“பாஸ்டர், என் மருமக சமையலையும் இப்படித்தான் சொல்லணுமா?” என்று ஒரு மூப்பர் கேட்டார்.

“உப்புப் போட்ட சாப்பாட்டைக் காண்கிறேன்னு சொல்லிப் பாருங்க. அப்புறம் தட்டு பறக்குறதையும் காண்பீங்க” என்றாள் என் மனைவி.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்த வழக்கம் வேர்விட்டதற்கு அவளும் ஒரு காரணம். அதனால்தான் பின்னால் அவள் செய்தது எனக்கு அதிகம் வலித்தது.

சண்டைகள் நின்றன. சபை வளர்ந்தது. ஆலயத்தின் பின்பக்கம் பாடகர் குழுவுக்காக மரத்தில் ஒரு மாடி கட்டினோம். குழுவை நடத்தியவள் என் மனைவிதான். முதல் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்:

“ஏங்க, நடுவுல நின்னா ஆடுது. இன்னைக்குப் பாதிப் பேருதான் வந்தாங்க. பிரதிஷ்டை அன்னைக்கு எல்லாரும் ஏறுவாங்க.”

“தரிசனமா சொல்லு” என்றேன். விளையாட்டாகத்தான்.

“விழுந்தா தரிசனத்துலயா விழுவோம்?”

அடுத்த கூட்டத்தில் முறைப்படி எழுந்து, “ஆடாத மாடியைக் காண்கிறேன்” என்றாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். கைதட்டினார்கள். நான் அடுத்த விஷயத்துக்குப் போனேன். அவள் உட்காரவில்லை. என்னையே பார்த்தபடி நின்றாள். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பிரதிஷ்டை ஞாயிறு அறிவித்தாகிவிட்டது. சொந்த மனைவிக்காக வழக்கத்தை வளைத்தால் சபை பழையபடி ஆகிவிடும். என் இடத்தில் இருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

அந்த ஞாயிறு காலை ஜெபிப்பதற்காக எல்லோருக்கும் முன்னால் போனேன். மாடிக்கு அடியில் ஒரு முட்டுக்கால் நின்றது. கான்கிரீட் போடும்போது பலகையைத் தாங்க வைப்பார்களே, திருகி உயரத்தைக் கூட்டுகிற இரும்புக் கால், அது. வெள்ளைத் துணி சுற்றிப் பூக்கட்டியிருந்தார்கள். அவளுடைய அண்ணன் கட்டட வேலை பார்க்கிறவர். கைபேசியில் கூப்பிட்டேன்.

“ஆமா மாப்ளே, நான்தான் வெச்சேன். தூண் போடுற வரைக்கும் நிக்கட்டும். உங்ககிட்ட கேட்டா வெக்க விடமாட்டீங்கன்னு தங்கச்சி சொன்னா. அலங்காரம் அவளோடது. கல்யாணத்தன்னைக்கு நீங்ககூட இவ்வளவு ஜோரா நிக்கல.”

“சந்தோஷம் மச்சான்” என்றேன்.

கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சபையே நம்புகிற ஒருவனை அவன் வீட்டில் நம்பவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால், பூ வைத்து. அந்தக் கால் பேசாமல் நின்றாலும் உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் என்னைப் பற்றிக் குறை சொல்லும்.

திருகு எளிதில் சுழலவில்லை. பாரம் இறங்கியிருந்தது. சுத்தியலால் தட்டித் தளர்த்தினேன். கழற்றிப் பின்னறையில் சாத்தினேன். வெற்றிடம் கண்ணை உறுத்தியது. பதாகை மாட்டும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று அங்கே இருந்தது. அதில் அதே துணியைச் சுற்றி, அதே பூவைக் கட்டி, அதே இடத்தில் நிறுத்தினேன். பார்க்க வித்தியாசம் தெரியவில்லை.

ஆராதனைக்கு முன் அவள் வந்தாள். அதைப் பார்த்தாள், பிறகு என்னை.

“கோவப்படுவீங்கன்னு நெனச்சேன்” என்றாள். “எடுக்காம விட்டீங்களே. தேங்க்ஸ்ங்க.”

புன்னகைத்தேன். அவள்தான் முதலில் ஏறினாள். நடுவில் போய் நின்று மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டாள். பயந்தவர்களிடம், “தைரியமா வாங்க, இப்ப ஆடாது” என்று அவள் சொன்னது கீழே எனக்குக் கேட்டது. எல்லோரும் ஏறி முடிப்பதற்குள் மாடி சரிந்து விழுந்துவிட்டது. மற்றவர்கள் கை கால் முறிவோடு தப்பினார்கள். அவள் எல்லோருக்கும் அடியில் இருந்தாள்.

இரும்புக் கால் இன்னும் பின்னறையில்தான் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியது நான்தான். விழும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும்.

சபையார் அவளைப் பெரிய விசுவாசி என்கிறார்கள். நான் திருத்தவில்லை. என் வார்த்தையை நம்பி அவள் ஏறவில்லை, ஓர் இரும்புத் துண்டை நம்பி ஏறினாள். அதற்காக அவளை மன்னித்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.