அண்ணன் பெயரில் ஒரு பூங்கா

உங்கள் ஜன்னலோரத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் அதிகமாகிவிட்டது. இலை மஞ்சளாகிறது பாருங்கள். அன்பாகத்தான் ஊற்றியிருப்பீர்கள், நான் குறை சொல்லவில்லை. சில நாள் சும்மா விட்டால் தேறிவிடும்.

என்னை உங்களுக்குத் தெரியும். மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்தக் காவல் நிலையத்தில் பாதிப் பேருக்குத் தலைவலி மாத்திரை கொடுப்பவன் நான்தான். அப்பா கண்ணை மூடும் முன்பே பாகம் பிரித்துவிட்டார். கடை எனக்கு, ஊருக்கு வடக்கே உள்ள காடு அண்ணனுக்கு. அதில் எனக்கு மனக்குறை எதுவும் இருந்ததில்லை. அண்ணன் அதற்கு வேலி போட்டதே கிடையாது. காலையில் நடக்க வருகிறவர்கள், ஓடையில் கால் நனைக்க வரும் பிள்ளைகள், வீட்டில் பேச முடியாததைப் பேச வரும் புதுமணத் தம்பதிகள் என்று ஊரே அதைத் தன் சொத்தாக நினைத்திருந்தது.

பிறகு ஒரு கட்டுமான நிறுவனம் வந்தது. வழவழப்பான தாளில் படம் போட்டுக் கொண்டுவந்தார்கள். வெட்டப்போகும் மரங்களின் பெயரையே அடுக்குமாடிகளுக்குச் சூட்டியிருந்தார்கள். அவ்வளவு பாசம் அவர்களுக்கு மரங்கள் மேல். நான் ஒரு குழு சேர்த்தேன், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன், நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். தனியார் நிலம், உரிமையாளர் மனமுவந்து கொடுத்தால் பொதுப் பூங்கா ஆக்கலாம், இல்லாவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அண்ணனிடம் போய் நின்றேன்.

“டேய், ஊர் காத்து வாங்குறதுக்கு நான் காவல் காக்கணுமா? என் நிலம், நான் விக்கிறேன். நீ உன் கடையை ஊருக்கு எழுதி வையேன் பாப்போம்.”

நியாயமான கேள்விதான்.

அண்ணனுக்குக் குளவி ஆகாது. ஒன்று கொட்டினாலே தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். சின்ன வயதில் ஒருமுறை மயிரிழையில் தப்பினார். அதனால் அவசர ஊசி ஒன்று எப்போதும் அவர் காரின் முன்பெட்டியில் இருக்கும். என் கடையிலிருந்து போவதுதான். அவர் கிளம்பும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று பார்த்து வைப்பது அண்ணியின் வேலை.

நிலத்தை அளக்க ஆட்கள் வந்த அன்று நானும் அண்ணனோடு போனேன். தம்பி ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டான் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். எல்லையில் அடிக்கும் முளைக்குச்சிகளைக் காரிலிருந்து இறக்கியவன் நான்தான். கூடவே ஊசியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். காலாவதித் தேதி பார்க்கலாமே என்றுதான். மருந்துக்கடைக்காரனுக்கு அது கைப்பழக்கம்.

ஓடைப்பக்க எல்லையில் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்றார்கள். சருகு மூடிய ஓர் இடத்தைக் காட்டினேன். “முதல் முளையை நீங்களே அடிங்கண்ணா. உங்க நிலம்,” என்றேன். அண்ணனுக்கு மரியாதை என்றால் உயிர். சுத்தியலைச் சிரித்துக்கொண்டே வாங்கினார். அந்தச் சருகுக்கு அடியில் குளவிகள் மண்ணுக்குள் கூடு கட்டியிருந்தன. தினமும் அந்த வழியாக நடக்கிற எனக்கு அது தெரியும்.

அடி விழுந்ததும் கிளம்பின. அளக்க வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அண்ணன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு காருக்கு வந்தார். அவருக்கு முன்பே நான் போய்த் தேடிக்கொண்டிருந்தேன். முன்பெட்டி, சீட்டுக்கு அடியில், பின்பக்கம், அவருடைய தோள்பை என்று ஓரிடம் விடாமல் தேடினேன். “டேய்... ஊசி... ஊசிடா...” என்று என் சட்டையைப் பிடித்தார். அவர் கை இருந்தது ஊசி வைத்திருந்த சட்டைப்பையின் மேல்தான். ஊசிக்குத் தேதி தாராளமாக இருந்தது ஐயா. காரிலிருந்து எடுத்தபோதே பார்த்துவிட்டேன்.

குளவி கொட்டி இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அண்ணனைக் கொன்றது நான்.

ஆஸ்பத்திரியில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தான் தம்பி பெட்டியில வைக்க மறந்துட்டேன் போல,” என்றார். வைத்தது அவருக்கே நினைவிருந்திருக்கும். ஆனால் பெட்டி காலியாக இருந்ததே, தன் நினைவை எப்படி நம்புவார்? நான், “விடுங்க அண்ணி, வேணும்னா செஞ்சீங்க?” என்றேன். ஆறுதல் சொன்னதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன். சில மாதம் கழித்து, அண்ணன் பெயரில் அந்தக் காட்டைப் பூங்காவாக ஊருக்குக் கொடுத்துவிடலாமே என்று பேச்செடுத்தேன். மறுபேச்சே இல்லை. மகனிடமும் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார். தண்டனையை ஏற்றுக்கொள்கிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

இப்போது அங்கே போய்ப் பாருங்கள், ஒரு மரம் குறையவில்லை. அண்ணியும் தினமும் வருகிறார். ஓடைக்கரை பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், “என் மறதியாலதாங்க அவரு போயிட்டாரு,” என்று ஆரம்பிக்கிறார். நான் அந்தப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டேன். எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் போய்விட்டது. இன்று காலை அண்ணி கடைக்கு வந்து தூக்க மாத்திரை கேட்டார். “கொஞ்சம் கூடுதலா குடு தம்பி,” என்றார். கண்ணைப் பார்த்துக் கேட்கவில்லை. இருப்பு இல்லை என்று அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு நேராக இங்கே வந்தேன். பாவம் செய்தவன் நான், அனுபவிக்கிறவர் அவர். இதற்கு மேல் என்னால் முடியாது.

எழுதி முடித்துவிட்டீர்கள். “இத முதல்ல உங்க அண்ணிகிட்டதான் சொல்லணும்” என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவருக்குத் தெரிந்தால் மகனுக்குத் தெரியும். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், அப்பாவுக்கு மேல் பிடிவாதக்காரன். ஏமாற்றி வாங்கிய தானம் செல்லாது என்று வழக்குப் போடுவான், அந்த நிறுவனமும் திரும்ப வரும். நான் ஜெயிலுக்குப் போகிறேன், வேண்டாம் என்றா சொன்னேன்? அந்தக் காடு என்ன பாவம் செய்தது?

அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு அல்ல, கிழித்துவிடலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. மாத்திரை இந்த ஊரில் என் கடையைத் தவிர வேறு எங்கேயும் கிடைக்காது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணி தாங்கிக்கொள்வார், இத்தனை நாள் தாங்கினாரே. அந்த மரங்களுக்குத்தான் ஐயா என்னை விட்டால் வேறு நாதி இல்லை.