சாமி அறையில் இருந்த காந்தம்

...போதும், அறிவுரை எல்லாம் நீங்க நிறையக் கேட்டாச்சு. எனக்கும் சுத்தி வளைச்சுப் பேச வராது. நான் மெக்கானிக்கல் படிச்சவன். ஒரு வண்டிக் கதை சொல்றேன், சின்னதுதான். அது முடிஞ்சதும் நேரா வகுப்புக்குப் போயிடலாம்.

பல்லடத்துல சென்னியப்பன்னு ஒருத்தர். விசைத்தறி ஓட்டறார். அவர்கிட்ட ஒரு பழைய கார். எவ்வளவு பழசு? அவங்க அப்பா பிறக்கறதுக்கு முந்தின கார். துணி போட்டு மூடி வச்சிருக்கற கார் இல்லைங்க. சந்தைக்குப் போவார், கல்யாணத்துக்குப் போவார், பஸ் ஸ்டாண்டு நெரிசல்ல ஆரன் அடிச்சுக்கிட்டு நிப்பார். அந்த இன்ஜினுக்குப் பேட்டரி கிடையாது. அப்புறம் தீப்பொறி எங்கிருந்து வரும்? மேக்னெட்டோ. குதிரை லாடம் மாதிரி ஒரு காந்தம், அதோட ரெண்டு காலுக்கு நடுவுல சுத்தற ஒரு கம்பிச்சுருள். முன்னால கைப்பிடியைப் போட்டுச் சுத்தினா... சுருள் சுத்தும், கரண்ட் பிறக்கும், பொறி பறக்கும். யார்கிட்டயும் கை நீட்டாது. அதுதான் சென்னியப்பனுக்குப் பெருமை.

அவர் மச்சான் குப்புராஜ், லாரி பேட்டரிக் கடை வச்சிருக்கார். விளங்கிடுச்சா? ஒவ்வொரு விசேஷத்துலயும் இதே சண்டைதான். அந்தக் கெழட்டு மேக்னெட்டோவைக் கழட்டிப் போட்டுட்டு, பேட்டரியும் இக்னிஷன் காயிலும் வைங்கன்னு குப்புராஜ் சொல்வார். பேட்டரி செத்தா நீங்க வந்து தள்ளுவீங்களான்னு சென்னியப்பன் கேப்பார்.

ஆயுத பூஜை வந்துச்சு. சென்னியப்பன் காரைக் கழுவி மாலை போட்டார். மனசு நிறையல. வண்டிக்கு உயிரே அந்தக் காந்தம்தானேன்னு, அதை மட்டும் கழட்டித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, சாமி படத்துக்குக் கீழ வச்சார். அடுத்த வாரமே தறிக்கொட்டகையில வழுக்கி விழுந்து கால் முறிஞ்சு போச்சு. வண்டி கொட்டகையில... காந்தம் சாமி அறையில. கால் கூடி அவர் எந்திரிக்கற வரைக்கும் அங்கயேதான். தினமும் பூ உண்டு. யாரும் கை வைக்கல.

அப்புறம் எடுத்து மாட்டினார். சுத்தினார்... சுத்தினார்... தோள்பட்டை கழண்டதுதான் மிச்சம். வண்டி இருமக்கூட இல்ல.

வீட்டம்மா நாகமணி பொறுத்துப் பார்த்தாங்க. கோயமுத்தூர் ரோட்டுல ஒரு ஓட்டல்காரர் அந்தக் காரைக் கேட்டுக்கிட்டே இருந்தார். எதுக்கு? இன்ஜினைக் கழட்டிட்டு வாசல்ல நிறுத்தி, அந்தக் குழியில பூச்செடி வைக்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து ஏத்திக்கச் சொல்லிட்டாங்க. புருஷன்கிட்ட ஒரே வார்த்தை.

"ஓடுனா உங்க வண்டிங்க. ஓடாட்டி ஓட்டல்காரர் வண்டி."

வேற வழியில்லாம மனுசன் மச்சானைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை காலையில குப்புராஜ் வந்தார். பிளக் பார்த்தார், வயர் பார்த்தார், எல்லாம் சுத்தம். காந்தத்தைக் கழட்டி ஒரு ஸ்பேனரை ஒட்ட வச்சார். ஸ்பேனர் வழுக்கிக் கீழ விழுந்துச்சு.

"இதை எங்க வெச்சிருந்தீங்க மாப்ள?"

"சாமி ரூம்லதான் மச்சான்."

"ரெண்டு காலுக்கும் குறுக்கால இரும்புத் துண்டு வெச்சீங்களா?"

"பூ வெச்சோம்."

சிரிக்காதீங்க. அந்தக் காலத்து எஃகுக் காந்தத்தைக் கழட்டினா, ரெண்டு முனையையும் ஒரு இரும்பால சேர்த்துதான் வைக்கணும். இல்லேன்னா பலம் கசிஞ்சு போயிடும். விரிசல் விழாது, எடை குறையாது, பளபளப்புக்கூட அப்படியே இருக்கும். பலம் மட்டும் இருக்காது.

சென்னியப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, நீங்க சொன்ன மாதிரி பேட்டரியும் காயிலுமே வெச்சுருங்க மச்சான்னார். குப்புராஜ் இத்தனை வருஷமா காத்திருந்த வார்த்தை. ஆனா அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"காந்தம் கெட்டுப் போகலைங்க மாப்ள. சார்ஜ் இறங்கியிருக்குது. அவ்வளவுதான்."

கடையில இருந்து லாரி பேட்டரிகளை எடுத்துட்டு வந்தார். காந்தத்தோட காலைச் சுத்தித் தடிச்ச கம்பியைச் சுத்தினார். முனைக்குக் குறுக்கால இரும்பை வச்சார். கம்பியைப் பேட்டரியில தொட்டார்... ஒரு நொடி. எடுத்துட்டார். இப்ப அதே ஸ்பேனரை ஒட்டவிட்டு, புடுங்குங்க பாக்கலாம்னார். சென்னியப்பன் ரெண்டு கையாலயும் இழுக்க வேண்டியதாப் போச்சு.

சாயங்காலம் ஓட்டல்காரர் அனுப்பின டிரைவர் வாசல்ல, காரை இழுத்து ஏத்தறதுக்குச் சங்கிலியை இறக்கிக்கிட்டிருந்தார். சென்னியப்பன் சுத்தினார். பிடிக்கல. மறுபடியும்... ஒரு இருமல். மறுபடியும்... பிடிச்சிடுச்சு. தெருவே புகை. அப்ப நான் என்னங்கம்மா பண்றதுன்னு டிரைவர் நாகமணியைப் பார்த்தார்.

"டீ குடிச்சுட்டுப் போ கண்ணு."

இதை எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்? இது மாலைநேரப் பாலிடெக்னிக். இங்க உக்காந்திருக்கறவங்க பாதிப் பேர் புத்தகத்தைத் தொட்டு வருஷக்கணக்காச்சு. பிரசவம், பவுண்டரி வேலை, வெளிநாடு, வீட்டுல முடியாதவங்க. அட்மிஷன் அன்னைக்கு ஒரு அக்கா, மூளை மழுங்கிப் போச்சுங்க சார்னு சொன்னாங்க. தப்புங்க அக்கா. மழுங்கல. உங்களை மரியாதையா ஓரமா உக்கார வச்சுட்டாங்க. பூவும் வச்சாங்க. வேலை மட்டும் குடுக்கல. அதனால இறங்கியிருக்கு. இறங்கினது ஏறும்.

இன்னொண்ணு. பேட்டரியே வேண்டாம்னு நின்ன காந்தத்துக்கும் ஒரு நொடி பேட்டரி தேவைப்பட்டுச்சா இல்லையா? அதுல என்ன வெட்கம்? நாங்க அந்த ஒரு நொடிதான். அதுக்கப்புறம் சுத்த வேண்டியது நீங்க. முதல் பரீட்சையில பிடிக்காது, முன்கூட்டியே சொல்லிட்டேன். மேக்னெட்டோ மெதுவாச் சுத்தும்போது பொறி சின்னதாத்தான் வரும். வேகம் கூடக் கூடத்தான் அது பெருசாகும்.

வெளிய போறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கறவங்க போன் நம்பரை வாங்கிக்கங்க. வர முடியாத வாரம் வரத்தான் செய்யும். அந்த வாரம் பாடத்தைக் கேட்டுச் சொல்ல ஒருத்தர் வேணும்.

கணக்கு வகுப்பு மாடியில. எந்திரிங்க.