கருந்துளைக் காற்றைக் கட்டியாண்ட மீனம்மாள் டீச்சருக்கு

விண்ணை வகுப்பறைக்குள் விருந்தாக அழைத்த வித்தகியே! படப்பைப் பள்ளியின் பௌதிகப் பேரொளியே! கால் நூற்றாண்டாய்ச் சுண்ணக்கட்டியும் சுடுசொல்லும் கொண்டு பிள்ளைகளைச் செதுக்கிய சிற்பியே! இந்தப் பணிநிறைவு வாழ்த்து மடலை மூச்சு வாங்காமல் வாசித்தால் பெருமை வரலாற்று ஆசிரியர் தசரதன் சாரின் நுரையீரலுக்கு. தமிழில் பிழையிருந்தால் பழி எங்கள் அனைவருக்கும்.

அவையோரே, அம்மையாரின் அருமைக்குச் சென்ற தை மாத அறிவியல் கண்காட்சி ஒன்றே சான்று. அவர் நடத்திய வானியல் மன்றத்தின் அறையைச் சீருடை மூட்டை அடுக்க அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். "நடுவர் மெச்சினால் அறை மன்றத்துக்கு, இல்லாவிட்டால் மூட்டைக்கு" என்று தலைமையாசிரியர் தீர்த்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

சில அண்டங்களின், அதாவது விண்மீன் கூட்டங்களின், நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றி வாயு சுழன்று விழும்போது பெருங்காற்று கிளம்பும். விண்மீன் பிறக்க வேண்டிய மற்ற வாயுவை அந்தக் காற்று என்ன செய்கிறது? அதைக் காட்டத்தான் ஒரகடம் கன்னியப்பன் பட்டறையிலிருந்து காற்றடிக்கும் ப்ளோயர் வந்தது. வட்டப் பலகையின் நடுத்துளையில் அதன் வாய்; சுற்றிலும் வாயுவுக்குப் பதிலாகக் கோலமாவு, மெல்லிய பொடியும் குருணையான கப்பியும் கலந்தது.

இங்கேதான் எங்கள் திருக்கரங்கள் நுழைந்தன. உதவி செய்கிறோம் என்று முந்தின மாலை ஆசிரியர் அறையே திரண்டு, மாவைச் சலித்து, கப்பியைக் கழித்து, மைதாவாக்கி வைத்தோம். டீச்சரைக் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

மறுநாள் சுவிட்சைப் போட்டதும் அண்டம் மொத்தமும் நடுவரின் சட்டையில்! பலகை துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"இன்னாம்மா இது, அண்டமா, மாவு மில்லா?"

நடுவரைவிட டீச்சரின் முகம் வெளுத்தது. மன்ற அறைக்குள் மூட்டைகள் நடந்து போவதே கண்ணில் தெரிந்தது. எங்கள் பக்கம் திரும்பினார்.

"சலிச்சீங்களா சார்?"

"பளிச்சுனு இருக்கட்டுமேன்னு..." தசரதன் சார் இழுத்தார்.

"கப்பி எங்க?"

"வூட்டுக்கு எடுத்துக்கினு போலாம்னு டப்பாவுல கீது டீச்சர்."

டப்பாவைப் பிடுங்கினார், பலகையில் கொட்டினார். ப்ளோயர் மறுபடி உறுமியது. காற்று சந்து கண்ட பக்கமெல்லாம் புகுந்தோட, கப்பியோ பறக்காமல் ஒதுங்கி, நெருங்கி, கரை கட்டி நின்றது!

"பாருங்க சார். முதல்ல மெல்லிசான வாயு. அடிச்சிக்கினு போயிடுச்சு, இனி அங்க விண்மீன் பிறக்க வழியில்ல. இது கட்டியான வாயு. காத்து அதை நெருக்குது, நெருங்கின இடத்துல விண்மீன் பிறந்தாலும் பிறக்கும். காத்து ஒண்ணுதான். எந்த அண்டத்துல எது நடக்குதுன்னு பெரிய தொலைநோக்கி வச்சிருக்கிறவங்களே இன்னும் தேடிக்கினுதான் இருக்காங்க."

புருவம் வரை வெளுத்திருந்த நடுவர் குனிந்து, கரையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னொரு தபா போடும்மா. ரெண்டையும் கலந்து போடு."

வென்றார் எங்கள் டீச்சர்! முதற்பரிசும் அவருக்கே, அறையும் மன்றத்துக்கே! மூட்டைகள் ஆசிரியர் அறைக்கு வந்தன. அவற்றின்மேல் அமர்ந்துதான் இம்மடலை எழுதினோம்.

அன்னையே! இனிப் பள்ளி மணிக்குத் தாங்கள் எழ வேண்டாம். ஆனால் சனிக்கிழமை மாலைகளில் மன்ற அறை திறந்தே இருக்கும். பெயர்ப்பலகையில் தங்கள் பெயர் அப்படியே இருக்கும். நோய் நொடி அண்டாமல் நூறாண்டு வாழ்ந்து, வந்து விளக்குங்கள். எங்களுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை.

அன்பில் அடங்கிய
ஆசிரியர்களும் அலுவலர்களும்
படப்பை, மே 1991