யப்பான் எழுத்தில் ஒரு சந்தனப் பொட்டு

வதனா: இஞ்சாருங்கோ! இதில ஆர் சந்தனம் பூசினது?

லிங்கம்: எதில...?

வதனா: எதிலயோ! நான் வீட்டுக்குப் போய்ப் பராமரிச்ச மிஸ்ஸிஸ் பிறைஸ் முதியோர் ஹோமுக்குப் போகேக்க எனக்குத் தந்த யப்பான் எழுத்தில! கண்ணாடிகூட இல்லாத வெறுந்தாள். விரலும் படக்கூடாதெண்டு ஏலக்காரன் சொன்னவனெல்லே.

லிங்கம்: சின்னப் பொட்டுத்தானே... வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் சந்தனம்.

வதனா: அம்மனே வந்து நிண்டாலும் இனி ஆர் வாங்குவினம்? பின்னேரம் எடுக்க வாறான். பெரிய ஆள் எழுதினதாம், அவர் செத்து அம்பது வருஷமாம், அடிபட்டு வாங்குவினமாம்...

லிங்கம்: ஒரு எழுத்துக்கு அடிபாடோ! வேலையில ஷிப்ட் தாளில என்ர கையெழுத்து நிறையக் கிடக்கு, அதையும் கொண்டுபோகச் சொல்லு.

வதனா: பகிடியை விடுங்கோ. ஈரத்துணியால ஒத்தி எடுக்கட்டே?

லிங்கம்: தொடாதை!

வதனா: அப்ப அந்த வவுனியா ஆளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? எங்கட நிசாந்தனை ஆமிக் காம்பில கண்டனான், காசு தந்தால் தேடித் தாறன் எண்டு சொல்லுறான். இதை வித்துத் தாறம் எண்டு சொல்லிப்போட்டன்.

லிங்கம்: அவன் பொய்க்காரன்.

வதனா: பொய்யோ மெய்யோ, பெத்த பிள்ளையைத் தேடாமல் இருக்க ஏலுமே? சண்டை முடியேக்க நீங்கள்தானே அவனை ஆமியின்ர பஸ்ஸில ஏத்தி விட்டனீங்கள்?

லிங்கம்: ஓம்... ஏத்தினனான்... நீ ஏன் இன்னும் சாப்பிடேல்லை?

வதனா: இண்டைக்கு விரதம். கதையை மாத்தாதேங்கோ.

லிங்கம்: இண்டைக்கு என்ன விரதம்?

வதனா: எனக்கு விரதம். அவ்வளவுதான். ஏன் பொட்டு வைச்சனீங்கள்? இதென்ன சாமிப்படமே?

லிங்கம்: உன்ர மிஸ்ஸிஸ் இதை ‘வீசுற காத்து’ எண்டு வாசிச்சவ... எனக்கு அப்பிடித் தெரியேல்லை வதனா. வடிவாப் பார். இது தலை... இஞ்ச கால். காலை மடக்கி, ஒருக்களிச்சு... இதில பார், மை காய்ஞ்சு இழுபட்டுப்போய்... நிசாந்தன்ர படமெண்டு ஒண்டும் எங்களிட்ட இல்லை. எல்லாம் பங்கருக்கையே போச்சு...

வதனா: உயிரோட இருக்கிற பிள்ளையின்ர படத்துக்கு ஆரும் பொட்டு வைப்பினமே?

லிங்கம்: பஸ் வரேல்லை வதனா... இதே நாள்தான். அங்க ஒரு பஸ்ஸும் வரேல்லை. அடிக்கிறதெண்டா அடி.

வதனா: ஏலக்காரனுக்குப் போன் எடுத்து, வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ. குங்குமச் செப்பு மேல் தட்டில இருக்கு, அதையும் எடுங்கோ.

லிங்கம்: உனக்கு... தெரியுமோ? தெரிஞ்சுகொண்டோ அந்த வவுனியா ஆளோட...

வதனா: நீங்கள் பஸ் எண்டனீங்கள். நானும் பஸ் எண்டே இருந்தன். வருஷாவருஷம் இண்டைக்கு நான் ஏன் பட்டினி எண்டு இதுக்கு முன்னம் ஒருநாள் கேட்டனீங்களே...? அண்டைக்கு நீங்கள் தனிய வந்து கழட்டிப் போட்ட, ரத்தம் காய்ஞ்ச சாரத்தைத் தோய்ச்சது ஆரப்பா?