வோர்னேஸ்கு குடும்பத்தின் கடைசிப் பெயர்

உங்கள் சட்டத்தரணிக் கந்தோரில் லிப்ட் இருக்கும் என்று நம்பி வந்துவிட்டேன். மூன்று மாடி. அறுபத்தொன்பது வயதில் முழங்கால் வைத்ததுதான் சட்டம். தேநீர் வேண்டாம், தண்ணீர் போதும். தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், அதுவே பெரிய உபகாரம். ஆங்கிலத்தில் சொல்வதென்றால் இரண்டு தரம் களைக்க வேண்டும்.

அந்த ருமேனியப் பையனைப் பற்றித்தான் கேட்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் எலேனா அம்மாவிடமிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் நான் உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். ஒரு காணி உறுதியைக் கையில் எடுத்தால் போதும், அந்தக் குடும்பத்தின் நான்கு தலைமுறையையும் சொல்லிவிடுவேன். எண்பத்து நான்கில் லண்டனுக்கு வந்து பெற்றோல் செட்டில் நின்றேன். அடுத்த வருடம் ஸ்ட்ரெதம் நூலகத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பழைய காகிதங்களோடு பொறுமையாக இருக்கக்கூடிய ஒருவர் தட்டச்சு வேலைக்குத் தேவை என்று ஒட்டியிருந்தார்கள்.

எலேனா வோர்னேஸ்குவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. கம்பளக் கடைக்கு மேலே ஒரு வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய தாத்தா கிரிகோரே வோர்னேஸ்கு ருமேனியாவின் பெரிய பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டில் கலகத்தில் சேர்ந்து, பாரிசுக்கு ஓடி, திரும்பிவந்து இரண்டு தரம் மந்திரியாக இருந்தவர். கொம்யூனிஸ்டுகள் நாட்டைப் பிடித்தபோது இந்த அம்மா இரண்டு பெட்டி காகிதத்தோடு வெளியேறினார். தாத்தாவின் வரலாற்றை எழுதிவிட்டுத்தான் சாவேன் என்று இருந்தார்.

கிழமைக்கு மூன்று நாள், மிச்சம் என்ற இடத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பஸ் எடுத்துப் போவேன். போகப்போக அந்தக் குடும்பம் எனக்கு அவரைவிட நன்றாகப் பாடமாகிவிட்டது. யார் வீட்டில் பெண் எடுத்தார்கள், யார் வீட்டில் எடுக்க மறுத்தார்கள், எந்தக் காடு யாருக்குச் சீதனமாகப் போனது எல்லாம் தெரியும். பெயர்களை மாற்றிவிட்டால் யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமத்துக் கதைதான். லண்டனில் எனக்கு மனம் ஒட்டிய ஒரே இடம் அந்த மேசைதான், அதை ஒளிக்க மாட்டேன்.

அந்த நாட்டில் ஜிப்சிகள் அடிமைகளாக இருந்தார்கள். பிரபுக்கள் அவர்களை விற்பார்கள், பெண்ணோடு சீதனமாகவும் கொடுப்பார்கள். சட்டம் வருவதற்கு முன்னரே கிரிகோரே தன்னுடைய அடிமைகளை விடுவித்தார். சபையில் அதைப் பற்றிப் பேசினார். அந்த அத்தியாயத்தை நான் நான்கு தரம் தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு தரமும் கண் கலங்கியது.

எண்பத்தாறில் ஹோம் ஒபிஸ் என் அகதி விண்ணப்பத்தைத் தள்ளியபோது, அந்த அம்மா தானே பேனை எடுத்து எனக்காக மூன்று பக்கம் எழுதினார். அதனால்தான் இந்த நாட்டில் இருக்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நன்றி கெட்டவன் என்று என்னைப் பற்றி ஒருவரும் சொல்லக் கூடாது.

தொண்ணூற்று மூன்று புரட்டாதியில் அந்தக் கடிதம் வந்தது. அப்போது அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது, நான்தான் எல்லாம் வாசிப்பேன். உடைந்த ஆங்கிலம். எழுதியவன் மிஹாய் வோர்னேஸ்கு. பத்தொன்பது வயது. லொறிக்குள் ஒளித்து டோவர் துறைமுகத்துக்கு வந்து பிடிபட்டு, தடுப்பு முகாமில் இருந்தான். அம்மாவின் தம்பி அலெக்சாந்துரு சிறைமுகாமிலேயே செத்துப்போனார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் சாகவில்லை. முகாமிலிருந்து அவரை ஒரு கிராமத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நோயில் கிடந்தவரை ஒரு ஜிப்சிப் பெண் பார்த்திருக்கிறாள். அவளையே தேவாலயத்தில் வைத்துக் கலியாணம் செய்திருக்கிறார். மிஹாய் அவர்களுடைய பேரன். ஜிப்சிகள் இருக்கும் தங்கள் தெருவைக் கொளுத்தப்போவதாக ஊர்க்காரர் சொல்கிறார்கள் என்றும், பெரியபாட்டி ஒரு கடிதம் கொடுத்தால் தன்னை இங்கே இருக்க விடுவார்கள் என்றும் எழுதியிருந்தான்.

அவனுடைய படமும், அந்தக் கலியாணப் பதிவின் பிரதியும் கூட இருந்தன. பத்திரம் பார்த்தே வயது போனவன் நான். அது நல்ல பத்திரம்.

உரத்து வாசித்துக்கொண்டு போனதால் இடையில் நிறுத்த முடியவில்லை. அம்மா அழுதார், பிறகு சிரித்தார். படத்தில் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். கறுப்பு என்றேன். "தாத்தா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார். உடனே ஹோம் ஒபிசுக்கு எழுதச் சொன்னார்: இவன் என் தம்பியின் பேரன், என் வீட்டில் இவனுக்கு ஓர் அறை இருக்கிறது.

நாளை தட்டச்சு செய்து கொண்டுவருகிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிடும்போது மனைவி பாலாம்பிகையிடம் சொன்னேன்.

"பாவம், பெடியனுக்கு எழுதிக் குடுங்கோவன்," என்றாள். "அந்த மனிசி எழுதித் தந்தபடியாலதானே நாங்களும் இஞ்ச இருக்கிறம்."

"அது வேற, இது வேற. அப்பிடிப்பட்ட ஒரு பரம்பரையை இதில கொண்டுவந்து முடிக்கேலாது."

"ஆரின்ர பரம்பரை?"

கொஞ்சம் ரசம் விடச் சொன்னேன்.

அடுத்த நாள் அம்மாவுக்கு முன்னால் இருந்து கடிதத்தை வாசித்தேன். அவர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் வாசித்தேன். தாளில் இருந்தது வேறு. என் தம்பி கலியாணம் செய்யாமல் இறந்தவர், இந்தப் பெயரில் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை, இது மோசடி என்று இருந்தது. அவருடைய விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன். கையெழுத்து வைத்தார். ஸ்ட்ரெதம் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டேன்.

கார்த்திகையில் பையனைத் திருப்பி அனுப்பினார்கள். மாசியில் அந்தத் தெருவில் மூன்று வீடுகளைக் கொளுத்தினார்கள். ஒன்றுக்குள் அவன் இருந்தான். ஊர்ப் பாதிரியார் எழுதிய கடிதத்தை நான் பஸ் தரிப்பிடத்தில் வைத்து வாசித்தேன். மழை. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே சாப்பாடு இறங்கவில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? எண்பத்து நான்கு வயது மனுசி. அரசாங்கம் மறுத்துவிட்டது, ஆனால் பையன் ஊரில் பத்திரமாக இருக்கிறான் என்றேன். மாதம் ஒரு கடிதம் வாசிப்பேன். வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டுதான். முதலில் அவனுக்கு ஒரு வேலை எடுத்துக் கொடுத்தேன். பிறகு புக்கரெஸ்டில் சட்டம் படிக்க வைத்தேன். கடைசி வருடம் நல்ல குடும்பத்தில் ஒரு பெண் பார்த்துக் கட்டிவைத்தேன். பெண்ணின் தகப்பன் வழியை அம்மா விசாரித்தார். எனக்குத் தெரிந்த பழைய பிரபுக் குடும்பம் ஒன்றைச் சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டினார். தொண்ணூற்றேழில் அவர் சாகும்போது முகத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பேரனை அவருக்குக் கொடுத்தது நான்தானே.

புத்தகமும் வந்துவிட்டது. பின்னால் வம்சப் பட்டியல் இருக்கிறது. அலெக்சாந்துரு, மணமாகாதவர். எலேனா, மணமாகாதவர். அதோடு முடிகிறது. ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது.

இப்போது மிஹாயின் தங்கை இங்கே வந்து உங்கள் கந்தோரைப் பிடித்திருக்கிறாள். ஹோம் ஒபிஸ் கோப்பிலிருந்து அந்தக் கடிதமும் கிடைத்திருக்கிறது. அது என் வேலைதான். பத்திரம் உண்மை என்று தெரிந்தும் செய்தேன். வீடு எரியலாம் என்று தெரிந்தும் செய்தேன். நான்தான் கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் அப்படியே எழுதுங்கள், சண்டை பிடிக்க எனக்குச் சக்தி இல்லை.

ஆனால் சாதி பார்த்துச் செய்தேன் என்று மட்டும் போடாதீர்கள். நான் அதெல்லாம் பார்ப்பவன் இல்லை. மிச்சத்தில் எங்கள் வீட்டுக்கு எல்லாரும் வருவார்கள், எல்லாருக்கும் ஒரே கோப்பைதான். ஒரு வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

கையெழுத்து வைக்கிறேன், தாருங்கள். ஒன்று கேட்டால் குறை நினைக்க வேண்டாம், பிள்ளை. கதவில் உங்கள் பெயர் பஸ்தியாம்பிள்ளை என்று போட்டிருந்தது. அப்பா மன்னாரா, யாழ்ப்பாணமா? யாழ்ப்பாணம் என்றால் எந்தக் கோயிலடி ஆட்கள்? வேறொன்றுமில்லை, இவ்வளவையும் யாரிடம் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான்.